வெறியாட்டு முதல் குணசீலம் வரை



சென்ற இதழ் வெளியான பிறகு நம் நகரில் மூன்று பேர், வெவ்வேறு நாட்களில், ஏறக்குறைய ஒரே விஷயத்தை என்னிடம் சொன்னார்கள். ஈ.சி.ஜி. நார்மல், எக்கோ நார்மல், வயிற்று ஸ்கேன் நார்மல். ஆனால் நெஞ்சு அடைக்கிறது, கை மரத்துப்போகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு உயிரே போய்விடும் போல் இருக்கிறது. டாக்டரோ "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுகிறார். வீட்டில் இருப்பவர்களும் அதையே பிடித்துக்கொண்டு, "ஒன்றும் இல்லையாமே, ஏன் படுத்துகிறாய்?" என்கிறார்கள். அவர்கள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

இந்த "ஒன்றும் இல்லை" என்பதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் நம் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நான் டாக்டர் அல்ல, பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இதை வைத்தியக் குறிப்பாகப் படிக்காமல் சரித்திரமாகப் படியுங்கள்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவர்கள் மூன்று வகை உபாதைகளை அடுத்தடுத்து வைத்துப் பேசுவார்கள். ஒன்று, மனப்பதற்றம். காரணமே இல்லாமல், அல்லது காரணத்துக்கு மிஞ்சி, பயம் வந்து ஆட்டுவது. இரண்டாவது, நினைவும் தன்னுணர்வும் தன்னைவிட்டுக் கழன்றுகொள்வது. ஞாபகம் போவது, தான் யார் என்பதே மறப்பது, "வேறு யாரோ" வந்து பேசுவது எல்லாம் இதில் அடக்கம். மூன்றாவது, மனதின் பாரம் உடம்பு வலியாக, மூச்சுத் திணறலாக, கைகால் விளங்காமல் போவதாக வெளிப்படுவது. மூன்றும் வேறு வேறு நோய்கள்தான். ஆனால் நெடுங்காலம் ஒன்றாகவே கிடந்தவை.

நம் சங்க இலக்கியத்தில் அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு வெறியாட்டு ஞாபகம் இருக்கும். தலைவி சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, மேனியில் பசலை படர்கிறது, வளை கழன்று விழுகிறது. தாய்க்கு விஷயம் புரியவில்லை. வேலனைக் கூப்பிடுகிறாள். அவன் கழங்குகளைப் பரப்பிக் குறி பார்த்து, "இது முருகன் அணங்கியது" என்கிறான். களம் இழைக்கிறார்கள், ஆட்டை அறுக்கிறார்கள், இரவெல்லாம் ஆட்டம். பக்கத்தில் நிற்கும் தோழிக்கு மட்டும் உண்மை தெரியும். இது தெய்வக் குற்றமில்லை, மலைநாட்டுக்காரன் ஒருவன்மேல் வந்த காதல் என்று. நற்றிணையில் ஒரு பாட்டில் தோழி முருகனையே பார்த்து, தன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டார்கள் என்று வந்து நிற்கிறாயே என்று கேலி செய்கிறாள். இப்படிப்பட்ட வெறியாட்டைப் பாடியதாலேயே ஒரு புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் நிலைத்துவிட்டது.

இதைக் காதல் கதையாகத்தான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு துக்கம் உடம்பின் வழியாக வெளியே வருகிறது. குடும்பம் அதைத் தனக்குத் தெரிந்த விளக்கத்தில் பொருத்துகிறது. நோய்க்குக் காரணம் எது என்பதில் தாய்க்கும் வேலனுக்கும் ஒரு கட்சி, தோழிக்கு ஒரு கட்சி. இந்த வழக்கு இன்றைக்கும் நம் வீடுகளில் நடக்கிறது. என்னைக் கேட்டால் அந்தத் தோழியைத்தான் தமிழ்நாட்டின் முதல் மனநல ஆலோசகர் என்பேன்.

நம் பாஷையையே கவனியுங்களேன். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஈரக்குலை நடுங்குகிறது. பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. கவலை வந்தால் நெஞ்சு கனக்கிறது. மனசைப் பற்றிப் பேச நம் பாட்டிமார்கள் கல்லீரல் வரைக்கும் போயிருக்கிறார்கள். மனசு வேறு, உடம்பு வேறு என்ற கணக்கு அவர்களிடம் இல்லை.

இனி ஸ்ரீரங்கம். குருபரம்பரை நூல்களில் இராமானுஜர் பற்றி இரண்டு சம்பவங்கள் வருகின்றன. காஞ்சியில் ஓர் அரசகுமாரியைப் பிடித்த பிரம்மராட்சஸை அவர் இளமையில் விரட்டினார் என்பது ஒன்று. பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்தை விட்டு மைசூர்ப் பக்கம் போக நேர்ந்தபோது, தொண்டனூரில் ஹொய்சள மன்னன் பிட்டிதேவனின் மகளுக்கு இருந்த அதே மாதிரி உபாதையைத் தீர்த்தார், அதற்குப் பிறகே மன்னன் விஷ்ணுவர்த்தனன் ஆனான் என்பது இன்னொன்று. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். சரித்திரத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் தகவல் வேறு: இளம்பெண்களுக்கு இப்படி வருவது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த நோயாக இருந்திருக்கிறது. அரண்மனையும் அதற்கு விலக்கில்லை.

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரி சந்நிதியைச் சேவிக்கிறவர்கள் ஒரு விஷயத்தை அறிந்துகொள்ள வேண்டும். சக வருஷம் 1415, அதாவது கி.பி. 1493இல் பொறித்த ஒரு கல்வெட்டு, கருடவாகன பட்டர் என்பவர் அங்கே ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. புதுப்பித்தார் என்றால், அதற்கு முன்பே இருந்து அழிந்திருக்கிறது என்று பொருள். ஒரே மதிலுக்குள் பிரார்த்தனையும் மருந்தும் இருந்தன. இது பின்னால் வரும் விஷயத்துக்கு வேண்டியது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்நாட்டில் கதை வேறு மாதிரி. கிரேக்க மொழியில் கர்ப்பப்பைக்கு "ஹிஸ்டெரா" என்று பெயர். பெண்களுக்கு வரும் விளங்காத உபாதைகளுக்கெல்லாம் கர்ப்பப்பையே காரணம் என்று பழைய வைத்தியர்கள் நினைத்தார்கள். ஹிஸ்டீரியா என்ற பெயர் அப்படி வந்தது. தொண்டையில் உருண்டை அடைத்தால் ஹிஸ்டீரியா. கால் விளங்காவிட்டால் ஹிஸ்டீரியா. பேச்சு நின்றால், வலிப்பு மாதிரி வந்தால், நினைவு தப்பினால் எல்லாம் ஹிஸ்டீரியா. வங்கியில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாத தொகையை "சஸ்பென்ஸ் அக்கவுண்ட்"டில் போட்டு வைப்போம். ஹிஸ்டீரியா, டாக்டர்களுடைய சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எங்கள் கிளையில் ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். வைத்தியத்தில் அப்படிக் கேட்க ஆள் வர நெடுங்காலம் ஆயிற்று.

கேட்டவர்களில் ஒருவர் பாரிஸ் டாக்டர் பால் பிரிக்கே. 430 நோயாளிகளைப் பார்த்து 1859இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆண்களுக்கும் வருகிறது, துக்கமும் துன்புறுத்தலும் இதற்குக் காரணமாகின்றன என்றார். அவருக்குப் பிறகு அதே ஊரில் சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்கோ வந்தார். மாணவர்கள் முன்னால் நோயாளிகளை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்திக் காட்டினார். 1885இல் வியன்னாவிலிருந்து வந்து அதைப் பார்த்தவர்களில் ஒருவர் பிராய்டு. ஆனால் எனக்கு இவர்களைவிடப் பெரியவராகத் தெரிகிறவர் பியர் ழானே. மனம் ஒரே கட்டியாக இல்லை. தாங்க முடியாத அதிர்ச்சி வந்தால் அதில் ஒரு துண்டு தனியாகப் பிரிந்து தன்பாட்டுக்கு இயங்கத் தொடங்கும் என்று 1889இல் எழுதினார். பிராய்டின் புகழில் அவர் பெயர் அமுங்கிப்போனது.

ழானே சொன்னதற்கு உதாரணமாக அமெரிக்காவில் ஒரு சம்பவம். வங்கிக்காரன் என்பதால் எனக்கு இதில் தனி ருசி. ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஆன்செல் போர்ன் என்ற பிரசங்கியார், 1887 ஜனவரி 17ஆம் தேதி பிராவிடன்ஸ் நகரத்து வங்கியில் நிலம் வாங்குவதற்காக 551 டாலர் எடுத்தார். குதிரை வண்டியில் ஏறினார். அத்தோடு ஆளைக் காணோம். பணத்துக்காக யாராவது தீர்த்துவிட்டார்களோ என்று தேடினார்கள். மார்ச் 14ஆம் தேதி காலை, பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்ற ஊரில் ஏ.ஜே. பிரவுன் என்ற சின்னக் கடைக்காரர் திடுக்கிட்டு எழுந்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார். அவர்தான் போர்ன். நடுவே ஆறு வாரமாக ஒழுங்காகக் கடை நடத்தியிருக்கிறார், ஊராருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்த நாட்கள் அவருக்குத் துளியும் நினைவில்லை. வில்லியம் ஜேம்ஸ் என்ற பெரிய உளவியல் அறிஞர் 1890இல் அவரை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தியபோது "பிரவுன்" மறுபடி வந்து பேசினாராம். போர்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை என்றாராம்! நம் ஊர் என்றால் உடனே யாராவது வேப்பிலையைத் தேடியிருப்பார்கள்.

மனப்பதற்றத்தின் சரித்திரமோ போர்க்களத்தில் கிடக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுமுட்டல் என்று வந்தார்கள். இதயத்தைச் சோதித்தால் கோளாறு இல்லை. ஜேக்கப் டகோஸ்டா என்ற டாக்டர் 1871இல் இதைப் பற்றி எழுதி "எரிச்சலுற்ற இதயம்" என்று பெயர் வைத்தார். முதல் உலகப் போரில் கை நடுங்கி, பேச்சிழந்து, கண் தெரியாமல் திரும்பிய சிப்பாய்களைப் பார்த்து 1915இல் சார்லஸ் மையர்ஸ் "ஷெல் ஷாக்" என்ற சொல்லை அச்சிலேற்றினார். பிரிட்டிஷ் ராணுவத்தில் மட்டும் சுமார் 80,000 பேர். காயமே படாதவன் எப்படி ஊமையாவான்? கோழை, நடிக்கிறான் என்றார்கள் தளபதிகள். ஆனால் கர்ப்பப்பைக் கதையை அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. சிப்பாய்கள் எல்லோரும் ஆண்கள்.

இதற்குப் போர்க்களம் தேவையில்லை. கேஷ் கவுண்டர் போதும். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் நல்ல கேஷியர் ஒருவர் இருந்தார். ஒருநாள் சாயந்திரம் கணக்கு முடிக்கையில் பணம் குறைந்தது. கைக்காசைப் போட்டு ஈடு கட்டினார். அதற்குப் பிறகு தினமும் மூன்றரை மணிக்கு அவருக்கு விரல்கள் ஊசி குத்துவது போல் ஆகும், நெஞ்சு இறுகும். இதய டாக்டரிடம் போனார், நரம்பு டாக்டரிடம் போனார். பயத்தில் நாம் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. அதனால்தான் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. அதைக் கண்டு இன்னும் பயந்து இன்னும் வேகமாக மூச்சு விடுகிறோம். இதை ஒரு மனநல மருத்துவர் அவருக்குப் பொறுமையாக விளக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை அலைந்ததெல்லாம், அவர் கணக்குப்படி, குறைந்த பணத்தைப் போல் பல மடங்கு.

சஸ்பென்ஸ் அக்கவுண்டை ஒருவழியாக மூடியது 1980இல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது ஹிஸ்டீரியா என்ற தலைப்பையே எடுத்துவிட்டது. உள்ளே கிடந்த பற்றுவரவுகளைப் பிரித்து, நினைவு கழலும் நோய்களை ஒரு தலைப்பிலும், உடல் உபாதையாக வருபவற்றை இன்னொரு தலைப்பிலும் எழுதியது. மனப்பதற்றத்திலும் திடீரென்று வந்து போவது வேறு, நாள் முழுக்க அரிப்பது வேறு என்று பிரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது பட்டியலில் சாமி வருவதும் பேய் பிடிப்பதும்கூட இடம்பெற்றன. ஆனால் ஒரு நிபந்தனையோடு: விருப்பமில்லாமல் வந்து, வாழ்க்கைக்கு இடைஞ்சல் செய்தால்தான் நோய், மதச் சடங்கில் ஊரார் ஏற்றுக்கொண்டபடி வருவது நோய் அல்ல. சமயபுரத்தில் அருள் வந்து ஆடும் பெண்மணி, ஆடி முடித்துப் பேருந்து ஏறி வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார் என்றால் அவருக்கு ஒரு நோயும் இல்லை. நியாயமான பாகுபாடு என்றே எனக்குப் படுகிறது.

"நடிப்பு" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கால் விளங்கவில்லை என்கிறவர் நடிக்கிறாரா, நரம்பு நோயா, அல்லது இந்த வகையா? 1908இல் சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க டாக்டர் எளிதான ஒரு சோதனையைச் சொன்னார். நோயாளியைப் படுக்க வைத்து, நன்றாக இருக்கும் காலைத் தூக்கச் சொல்வார். அப்படித் தூக்கும்போது மற்ற காலின் குதிகால் தன்னாலேயே படுக்கையை அழுத்தும். அது உடம்பின் இயல்பு. நரம்பு கெட்டிருந்தால் அழுத்தாது. ஆனால் "அந்தக் காலை அழுத்துங்கள்" என்று சொன்னால் அழுத்த முடியாத சிலருக்கு, கவனம் மறு காலுக்குப் போனதும் குதிகால் பலமாக அழுத்துகிறது. அதாவது கம்பி அறுந்துபோகவில்லை. மனம் கட்டளை அனுப்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது. இன்றைய நரம்பியல் மருத்துவர்கள் இதை நோயாளிக்கே செய்து காட்டி, "பாருங்கள், உங்கள் காலுக்குப் பலம் இருக்கிறது, திரும்ப வரும்" என்று நம்பிக்கை கொடுக்கிறார்கள். நடிப்பைக் கண்டுபிடித்து மானத்தை வாங்குவது இதன் நோக்கம் அல்ல.

எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடுவது. 1965இல் லண்டனில் எலியட் ஸ்லேட்டர் என்பவர், ஹிஸ்டீரியா என்று சொல்லி அனுப்பப்பட்ட 85 பேர் பின்னால் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். பலருக்கு நிஜமான மூளை, நரம்பு நோய்கள் இருந்தது தெரிந்து மருத்துவ உலகமே தலைகுனிந்தது. ஸ்கேன் வசதிகள் பெருகிய பிறகு நிலைமை மாறிவிட்டது. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, 1950களில் 29 சதவீதமாக இருந்த தவறான நோய்க்கணிப்பு 1970களுக்குப் பிறகு 4 சதவீதம்தான். ஆகவே முதலில் உடம்பைச் சோதித்துக்கொள்வது சரி. அதே சோதனையை ஐந்தாவது தடவை செய்வதுதான் வீண்.

மனநோய்க்கு அரசாங்கம் செய்த ஏற்பாடு என்றால் நம்மவர்களுக்கு நெடுங்காலம் நினைவுக்கு வந்தது கீழ்ப்பாக்கம். 1871இல் அங்கே மனநோய் மருத்துவமனை வந்தது. திருச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பெயரைச் சொன்னாலே கேலி. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் யார் அங்கே போவார்கள்? அதனால் ஜனங்கள் குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் போனார்கள்.

குணசீலம் நமக்குப் பக்கத்து ஊர். முக்கொம்பைத் தாண்டிக் காவிரியின் வடகரையில் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனநோயாளிகளைக் குடும்பத்தார் அழைத்து வந்து ஒரு மண்டலம், 48 நாள், அங்கேயே தங்குவது வழக்கம். பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். வேளாவேளைக்கு எழுந்து குளிப்பது, சேவிப்பது, சாப்பிடுவது. வீட்டுச் சண்டை இல்லை, மாமியார் இல்லை, கடன்காரன் இல்லை. தாயோ கணவனோ கூடவே இருக்கிறார். "பைத்தியம்" என்று யாரும் ஒதுக்குவதில்லை, சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அதே கஷ்டத்தோடு வந்தவர்கள். இதனால் குணம் தெரியுமா என்று கேட்டால், பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் மற்றவர்களும் தமிழ்நாட்டில் வேறொரு கோயிலில், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில், செய்த ஆய்வு ஒன்று 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 31 பேர், சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. 31 பேர் கொஞ்சம்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. ஆனாலும் உதறித்தள்ளக்கூடிய விஷயம் அல்ல.

உதறித்தள்ள முடியாத இன்னொன்றும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். சங்கிலி இல்லையென்றால் ஓடியிருப்பார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது; காப்பகங்களை மூடி நோயாளிகளை அரசுப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். பக்தியின் பேரில் நடந்தது என்று யாரும் அதை மன்னிக்கக் கூடாது. பக்தி வேறு, அந்த வியாபாரம் வேறு.

திருச்சிக்காரர்கள் அநேகருக்குத் தெரியாத ஒரு தகவல்: கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றாக மாவட்டத்திலேயே மனநல வைத்தியம் கொடுக்கும் திட்டம் நாட்டில் முதன்முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் மாவட்டம் ஒன்று. 1996இல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது மேடக், நகாவ், சீகர், திருச்சிராப்பள்ளி ஆகியவற்றைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. கர்நாடகத்தில் பெல்லாரியில் நிம்ஹான்ஸ் செய்து பார்த்த சோதனை இதற்கு முன்மாதிரி. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கே பயிற்சி கொடுத்து, மருந்தையும் அங்கேயே வைப்பது. ஏர்வாடிக்குப் பிறகு குணசீலத்திலும் அரசு உரிமத்தோடு மனநலக் காப்பகம் வந்து, மருத்துவர் பார்க்கும் ஏற்பாடும் ஆயிற்று. ஏர்வாடி தர்காவில் இப்போது "தவா-துவா" என்று மருந்தும் பிரார்த்தனையும் பக்கம் பக்கமாக நடக்கின்றன. கருடவாகன பட்டர் பார்த்தால் இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பார்.

கடைசியாகச் சில நடைமுறைச் செய்திகள். 2018 மே 29 முதல் அமலில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எந்த நோயாளியையும் சங்கிலியால் கட்டக் கூடாது. அதே சட்டம், உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் காப்பீடு தரவேண்டும் என்கிறது. ஆகவே பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்தப் பக்கத்தைப் படியுங்கள். 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் என்ற அரசு தொலைபேசி ஆலோசனை இயங்குகிறது. எண் 14416, கட்டணம் கிடையாது, இரவு இரண்டு மணிக்கும் பேசலாம். திருச்சி அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. குணசீலம் போக விரும்புகிறவர்களுக்கு, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து முசிறி போகும் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகின்றன. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பையில் எடுத்துக்கொண்டே போகலாம்; பெருமாள் ஒன்றும் சொல்லமாட்டார்.